இருபத்தைந்தாவது மீட்டரில் பந்தக்கால்

"உச்சியில மாற்றம் சுழின்னு சொல்றீங்களே டீச்சர், அது எப்படி?" என்று கேட்டார் புலவர் இளவழகன்.

ஜெசிந்தா டீச்சர் வறுத்த கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

புலவர் விடுவதாயில்லை. மிகச் சிறந்த இடம் என்று ஒன்று இருந்தால், அதிலிருந்து இம்மி பிசகினாலும் பெரிய நட்டமல்லவா வர வேண்டும்? சுமாரான இடத்திலிருந்து நகர்ந்தால் போகிறது, கழுதை. உச்சியிலிருந்து நகர்ந்தால்தானே வலிக்கும்? அங்கே போய் மாற்றமே இல்லை என்றால் யார் நம்புவது?

டீச்சருக்கு வயது முப்பத்திரண்டு. மாணவருக்கு அறுபது. டீச்சர் பகலில் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவர். மாணவர் பல வருடம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். எல்லாவற்றிலும் மிகச் சிறந்தது எது என்று கண்டுபிடிக்க நுண்கணிதத்தில் வழி இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட மறுநாளே டீச்சர் வீட்டு மாடிப்படி ஏறி வந்து, தட்சிணை வைக்காத குறையாக எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் அப்படி ஓடி வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. புலவர் கத்தரிக்காய் வாங்கப் போனால் கடைக்காரர் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அவர் சட்டைத் துணி எடுக்கிறார் என்றால் ஜவுளிக்கடையில் ஒரு ஆளை அவருக்கென்றே ஒதுக்க வேண்டும். சுமாராக இருந்தால் போதும் என்று அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. அதனால் அவர் வீட்டில் எதுவும் நேரத்துக்கு நடந்ததும் இல்லை.

டீச்சர் கடலைத் தோலை ஊதித் தள்ளிவிட்டு எழுந்தார். கீழே கொல்லைப்பக்கம் போனார். புலவரும் பின்னால் போனார். அங்கே வீட்டுக்காரர் சுற்றுச்சுவர் கட்டுவதற்காக லாரி மணலை மேடாகக் கொட்டி வைத்திருந்தார்.

"கண்ணை மூடிக்கிட்டு ஏறுங்க ஐயா. உச்சி வந்ததும் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

புலவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். மணல் சரிந்தது. இரண்டு தடவை கை ஊன்றினார். கடைசியில் ஓரிடத்தில் நின்று, இதுதான் உச்சி என்று அறிவித்தார்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"காலுக்குச் சரிவு தட்டலை."

"சரி. இறங்குங்க."

அதற்குள் வீட்டுக்காரர் வந்து, மணல் நாலா பக்கமும் சிதறுகிறதே, படித்தவர்கள் செய்கிற வேலையா இது என்று கேட்டார். புலவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். டீச்சர் அவரிடம் ஒரு கை கடலை கொடுத்தார்.

உச்சியில் கால் சமமாக நிற்கும் என்பது புலவருக்குப் புரிந்தது. ஆனால் நட்டம் எப்படி வராமல் போகும் என்பது புரியவே இல்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வேட்டி மடிப்பிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டே வந்தது.

அவர் இளைய மகள் மகிழினிக்கு அந்த வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை வரவேற்பு விருந்து. அந்த விருந்தில் வருகிற அத்தனை பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது புலவரின் பிடிவாதம். யாரும் யாருடைய நாற்காலிக்குப் பின்னாலும் நிற்கக் கூடாது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் சௌந்தரவல்லி.

சௌந்தரவல்லி புலவரின் அக்கா. அம்மா இல்லாத வீட்டில் அவருக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள். ஆறு வருடங்களுக்கு முன்னால் மூத்த மகள் கல்யாணம் டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நம் ஊர் மண்டபங்களில் பந்தி எப்படி நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சாப்பிடுகிறவன் ரசத்துக்குப் போகும்போதே அவன் நாற்காலியின் முதுகை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார். அக்காவும் அப்படி ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இலை எடுத்ததும் பக்கவாட்டிலிருந்து ஒரு இளவட்டம் நுழைந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்த பந்தியிலும் அதே கதை. அதற்கடுத்த பந்திக்கு இடம் கிடைத்தது, சாம்பார் தீர்ந்துவிட்டது.

புலவர் அந்த நேரம் மேடையில் இருந்தார். பின்னணியில் பூவால் எழுதியிருந்த மணமக்கள் பெயரில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது. அதைச் சரிசெய்யப் பூக்காரரைத் தேடி ஆள் அனுப்பிவிட்டு, அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா எழுந்து, கை கழுவாமலே பஸ் ஏறிப் போய்விட்டாள். மறுநாள்தான் அவருக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவர் அழுதார்.

அதன் பிறகு அக்கா அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இந்தக் கல்யாணத்துக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு, புடவை, பத்திரிகை எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு புலவரே போய் நின்றார். அவள் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"வரேன். ஆனா நாற்காலிக்குப் பின்னாடி நிக்க மாட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அது போதும், புலவருக்குத் தூக்கம் போயிற்று.

விருந்துக்கு இடம் கிடைத்துவிட்டது. மூடிக் கிடக்கும் பழைய அரிசி ஆலையின் கிழக்குப் பக்கம் பெரிய வெட்டவெளி. ஆலையின் நீளமான சுவரே ஒரு பக்கத்துக்குத் தடுப்பாகிவிடும். மற்ற மூன்று பக்கமும் படுதா கட்ட வேண்டும். வைகாசிக் காற்று புழுதியை அள்ளி இலையில் போடும், ஆடுகள் வேறு வந்து பந்தியில் கலந்துகொள்ளும்.

ஆனால் படுதா நூறு மீட்டர்தான் இருந்தது. ஊரில் அத்தனை முகூர்த்தமும் ஒரே வாரத்தில் வந்து குவிந்திருந்தன. பந்தல்காரர் சவரிமுத்து, தன்னிடம் மிச்சம் இருப்பது அவ்வளவுதான், அதற்கு மேல் வேண்டுமானால் தன் வேட்டியைத்தான் அவிழ்த்துக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நூறு மீட்டர் படுதாவும் ஒரு சுவரும். எப்படிக் கட்டினால் உள்ளே இடம் அதிகமாகக் கிடைக்கும்?

சவரிமுத்து, வழக்கம்போலச் சுவரை ஒட்டி நீளமாகப் பத்து மீட்டர் அகலத்தில் கட்டிவிடலாம் என்றார். புலவருக்குச் சிரிப்பு வந்தது. இதற்காகத்தானே அவர் மாடிப்படி ஏறினார்?

அன்று சாயங்காலம் சிலேட்டை எடுத்து உட்கார்ந்தார். சுவரிலிருந்து வெளியே வரும் அகலத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். இங்கிலீஷ் எழுத்து போட மனம் வரவில்லை, 'அ' என்று வைத்தார். இரண்டு பக்கமும் அகலம் போனால் நீளத்துக்கு மிச்சம், நூறு கழித்தல் இரண்டு அ. இரண்டையும் பெருக்கினால் பரப்பு. அதை வகையிட்டால் நூறு கழித்தல் நான்கு அ. அதைச் சுழியாக்கினால் அ என்பது இருபத்தைந்து.

அகலம் இருபத்தைந்து, நீளம் ஐம்பது, பரப்பு ஆயிரத்து இருநூற்று ஐம்பது சதுர மீட்டர். பரிமாறுகிறவர்கள் நடக்கும் இடத்தையும் சேர்த்து இலைக்கு இரண்டு சதுர மீட்டர் என்று வைத்தால் அறுநூற்று இருபத்தைந்து இலை.

புலவர் சிலேட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மனதுக்குள்ளேயே ஆட்களை எண்ணினார். ஆயிரக்கணக்கில் செய்யுள் மனப்பாடம் உள்ளவருக்கு அது பெரிய காரியமில்லை. கணக்கில் அறுநூற்றுப் பதினாலு பேர் தேறினார்கள். பதினோரு இலை வீணாகிறதே என்று, மறுநாள் காலையில் பதினோரு பேரைத் தேடிப் போய்ப் பத்திரிகை கொடுத்துவிட்டு வந்தார். அதில் ஒருவர் தபால்காரர், இரண்டு பேர் யார் என்றே அவர் மனைவிக்குத் தெரியாது.

எல்லாம் கனகச்சிதம்.

சிலேட்டை டீச்சரிடம் காட்டினார். டீச்சர் பார்த்தார். சரி என்றார்.

அவ்வளவுதானா என்று புலவருக்கு ஏமாற்றமாக இருந்தது. இதுதான் உச்சி, இதற்கு மேல் ஒரு சாண் இடம் யாராலும் எடுக்க முடியாது, இம்மி பிசகாமல் கட்டப் போகிறேன் என்று எடுத்துச் சொன்னார். உச்சியில் மாற்றம் சுழி என்கிற சங்கதி மட்டும் இன்னும் பிடிபடவில்லை என்றும் சொன்னார்.

"பந்தக்கால் என்னைக்கு ஐயா?" என்று கேட்டார் டீச்சர்.

திங்கட்கிழமை காலை, ஏழரைக்குள்.

"வர்றேன்" என்றார்.

திங்கட்கிழமை விடிந்தபோது வெட்டவெளியில் நல்ல கூட்டம். நாதஸ்வரக்காரர் ஒருவர், புழுதியில்லாத ஓரம் தேடி உட்கார்ந்த சம்பந்தி வீட்டார், தாம்பாளம் ஏந்திய பெண்கள். பச்சை மூங்கிலுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நுனியில் மாவிலைக் கொத்து கட்டித் தயாராகச் சாய்த்து வைத்திருந்தார்கள். நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்தாயிற்று. குழியில் ஊற்றப் பால் வந்தாயிற்று.

சௌந்தரவல்லியும் வந்திருந்தாள். பந்தக்கால் குழியில் முதலில் பால் ஊற்றுவது அவர்கள் வீட்டில் பெண்ணின் அத்தை. அதற்காக வந்தவள், யாரோடும் ஒட்டாமல் சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். புலவர் வணக்கம் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஏழரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். புலவருக்கு ராகுவிடம் பயமில்லை. சம்பந்திக்கு உண்டு.

பந்தக்கால் ஈசானிய மூலையில் நிற்க வேண்டும், அதாவது வடகிழக்கு மூலையில். நட்டபின் கல்யாணம் முடிகிற வரை அதை யாரும் அசைக்கக் கூடாது. கால் எங்கே நிற்கிறதோ அங்கேதான் படுதாவின் மூலை. வடக்குப் பக்கம் வாய்க்கால் ஓரமாகச் சுவரிலிருந்து நேர் கிழக்கே பனைகள் வரிசையாக நிற்கின்றன. காற்றுக்குப் படுதா தாங்க வேண்டுமானால் அந்தப் பனைகளில் இழுத்துக் கட்டித்தான் ஆக வேண்டும் என்று சவரிமுத்து முன்பே சொல்லியிருந்தார். ஆகையால் அந்தப் பனை வரிசையில், சுவரிலிருந்து இருபத்தைந்தாவது மீட்டரில் பந்தக்கால். இதில் பேச்சுக்கு இடமில்லை.

புலவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்து நடந்தார். சவரிமுத்து கடப்பாரையோடு கூடவே வந்தார். இருபது மீட்டரில் ஒரு ஆட்காட்டிக் குருவி தரையிலிருந்து எழும்பிக் கத்த ஆரம்பித்தது. தலைக்கு மேலேயே வட்டமடித்து, இறங்கி, இறக்கையை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு ஓடி, மறுபடி எழும்பிக் கத்தியது.

இருபத்தைந்தாவது மீட்டரில் புலவர் குனிந்து பார்த்தார்.

சரளைக் கற்களுக்கு நடுவில் நாலு முட்டை. கற்களின் நிறமேதான், மேலே கறுப்புப் புள்ளிகள். டேப்பின் இருபத்தைந்து என்ற எண் ஒரு முட்டையின் மேல் கிடந்தது.

சவரிமுத்து, முட்டையை ஒரு கூடையில் எடுத்துப் பனையடியில் வைத்துவிடலாம் என்றார். கூட்டத்தில் ஒரு பெரியவர், கை பட்டால் பிறகு குருவி அதில் உட்காராது என்றார். தாம்பாளம் ஏந்தியிருந்த பெண்கள் முகம் சுளித்தார்கள். கல்யாண வீட்டில் முதல் காரியமாக ஒரு தாயின் கூட்டைக் கலைப்பதா?

மகிழினி வந்து பார்த்தாள். பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முட்டைகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, வேற இடத்துல நடுங்கப்பா" என்றாள்.

"வேற இடம்னா?" என்றார் புலவர். "இதுதான்ம்மா உச்சி. இங்கேருந்து நகர்ந்தா எல்லாம் கெட்டுப்போயிடும்."

சம்பந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் ஒரு தடவை ஊதிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். புலவர் முட்டையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தள்ளி நின்ற அக்காவைப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. கூட்டத்தில் தேடி ஜெசிந்தா டீச்சரைக் கண்டுபிடித்தார். டீச்சர் அங்கேயும் கடலைதான் உரித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நான் என்ன செய்யட்டும்?"

டீச்சர் டேப்பின் ஓரமாகச் சுவரை நோக்கி நடந்தார். பத்தாவது மீட்டரில், சவரிமுத்து வழக்கமாகக் கட்டுகிற இடத்தில், நின்றார்.

"இங்க நட்டா எவ்வளவு ஐயா?"

அகலம் பத்து, நீளம் எண்பது. "எண்ணூறு" என்றார் புலவர்.

டீச்சர் கிழக்கே இரண்டு மீட்டர் நகர்ந்து நின்றார்.

"இங்க?"

பன்னிரண்டும் எழுபத்தாறும். புலவர் பெருக்கினார். "தொள்ளாயிரத்துப் பன்னெண்டு."

"எத்தனை இலை கூடுச்சு?"

"நூத்துப் பன்னெண்டு சதுர மீட்டர். ஐம்பத்தாறு இலை."

சவரிமுத்து வாயில் கை வைத்துக்கொண்டார். ரெண்டு மீட்டருக்கு ஐம்பத்தாறு இலையா என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். எத்தனை கல்யாணத்தில் எத்தனை பேரை வெளியே நிறுத்தியிருக்கிறோமோ என்று அவருக்கு உள்ளூரக் கலக்கமாகிவிட்டது.

டீச்சர் அங்கிருந்து நடந்து வந்தார். முட்டைகளுக்கு இரண்டு மீட்டர் முன்னால், இருபத்து மூன்றில், நின்றார். செருப்பைக் கழற்றி அந்த இடத்தில் அடையாளமாகப் போட்டார்.

"இங்க?"

புலவருக்குச் சொல்லவே பயமாக இருந்தது. உச்சியிலிருந்து இரண்டு மீட்டர். அங்கே சாதாரண இடத்திலேயே இரண்டு மீட்டருக்கு ஐம்பத்தாறு இலை என்றால், இங்கே நூறோ இருநூறோ. கண்ணை மூடிக்கொண்டு பெருக்கினார். இருபத்து மூன்றும் ஐம்பத்து நாலும்.

கண்ணைத் திறந்தார். மறுபடி மூடிப் பெருக்கினார். விரல் விட்டுச் சரிபார்த்தார்.

"ஆயிரத்து இருநூத்து நாற்பத்திரண்டு" என்றார் மெதுவாக.

"போனது?"

"எட்டு சதுர மீட்டர். நாலே நாலு இலை."

அப்படியே நின்றார். அதே இரண்டு மீட்டர். அங்கே ஐம்பத்தாறு, இங்கே நாலு. இன்னும் ஒட்டி ஒரு மீட்டர்தான் நகர்ந்தால் என்ன என்று பார்த்தார், ஒரே ஒரு இலை. அரை மீட்டருக்கு அதுவும் இல்லை. இத்தனை நாளாகக் கத்தி முனை என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்த இடம் ஒரு களத்து மேடு மாதிரிப் பரந்து கிடந்தது. காலை நீட்டிப் படுக்கலாம். நாலு முட்டைக்கும் இடம் இருந்தது.

புலவர் சிரித்துவிட்டார். அறுபது வயது மனிதர், டேப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே மகிழினியும் சிரித்தாள். குருவி மட்டும் கத்திக்கொண்டே இருந்தது.

"நடலாமா சார்?" என்று கடப்பாரையை ஓங்கினார் சவரிமுத்து.

"இரு."

புலவரின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நாலு இலை என்றாலும் இலைதானே? அறுநூற்று இருபத்தைந்து பேரையும் அழைத்தாயிற்று. அதில் நாலு பேருக்கு இடமில்லை. அந்த நாலு பேர் எங்கே நிற்பார்கள்? யாருடைய நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்கள்?

அவர் பார்வை அக்கா நின்ற பக்கம் போனது. அக்காவுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. அவள் பால் சொம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவரையே பார்த்தாள். விஷயம் தெரிந்த உறவுக்காரர்கள் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"நாலு இலை குறையுது டீச்சர்" என்றார் புலவர். "யாரை நிக்கச் சொல்லுவேன்?"

டீச்சர் உள்ளங்கையில் கடைசியாக இருந்த கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"அந்த அறுநூத்து இருபத்தஞ்சை எங்கேருந்து எண்ண ஆரம்பிச்சீங்க ஐயா?"

"வீட்டுலேருந்துதான்."

"எண்ணுங்க."

புலவர் வலது கையை விரித்தார். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டார்.

"நான்" என்றார். "என் சம்சாரம். மகிழினி. மாப்பிள்ள..."

அங்கேயே நின்றுவிட்டார். கட்டைவிரல் ஆள்காட்டி விரலில் ஒட்டியபடி இருந்தது.

மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையை விட்டு இறங்க ராத்திரியாகும். அவர்களுக்குக் கடைசியில்தான் சாப்பாடு. பெண்ணைப் பெற்றவர்கள் பந்தியில் பரிமாறுகிறவர்கள். உலகத்தில் எந்தக் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவன் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறான்?

புலவர் தொட்டு எண்ணிய நாலு விரலையும் பார்த்தார்.

சிரிப்புச் சத்தம் கேட்டது. தள்ளி நின்ற இடத்திலிருந்து சௌந்தரவல்லிதான் சிரித்துக்கொண்டே வந்தாள். டீச்சரின் செருப்பு கிடந்த இடத்துக்கு வந்து, அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, சவரிமுத்துவிடம் இங்கே குழியை எடு, நேரம் போகிறது என்றாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா, உன் பொண்ணு கல்யாணத்துல முதல் இலையில நீதான் உக்காரப் போறியா?" என்றாள். "நான் உக்காந்திருப்பேன். நீ சாம்பார் வாளியத் தூக்கிக்கிட்டு வா."